சர்வதேச உறவுகளில் முதுகலை: முதலில் பாஸ்போர்ட், பிறகு பல்கலைக்கழகம்

ஐ.நா. சபையின் வேலை அறிவிப்பு ஏதாவது ஒன்றைத் திறந்து, கல்வித் தகுதி என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். முதுகலைப் பட்டம் தேவை என்று இருக்கும். அடுத்த வரியிலேயே, இளங்கலை மட்டும் முடித்தவருக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் இருக்கும். பி-2 (P-2) என்கிற தொடக்க நிலைப் பதவிக்கு முதுகலையோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பி-3க்கு ஐந்து, பி-4க்கு ஏழு. ஆக, ஐ.நா.வே போட்டு வைத்திருக்கும் கணக்கில் ஒரு முதுகலைப் பட்டம் இரண்டு ஆண்டு வேலைக்குச் சமம்.

வெளிநாடு போய் சர்வதேச உறவுகள் படிக்கலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டு வரிகளைத்தான். படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. நல்ல படிப்பு. எங்கோ ஒரு தலைநகரில் போடும் கையெழுத்து திருப்பூரில் ஒரு தையல் மிஷினை எப்படி நிறுத்துகிறது, ராமேஸ்வரத்தில் ஒரு படகை எப்படிக் கரையில் கட்டுகிறது என்பதைக் கோத்துப் பார்க்கக் கற்றுத்தருகிற படிப்பு. ஆனால் அதன் மதிப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட், தலையில் எவ்வளவு கடன், அந்த இரண்டு ஆண்டில் என்னென்ன பாடம் எடுத்தீர்கள் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பல்கலைக்கழகத்தின் பெயர் நாலாவதாக வருகிறது. நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் அந்த நாலாவதில்தான் தொடங்குகிறது.

இந்தத் துறையில் பெயர் பெற்ற அமெரிக்கப் பள்ளிகள், அதாவது பல்கலைக்கழகங்களுக்குள் இருக்கும் தனிக் கல்விப்பிரிவுகள், எப்போது பிறந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பள்ளி 1919இல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு வந்தது. பாஸ்டன் பக்கத்தில் ஃபிளெட்சர் 1933. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சைஸ் 1943, கொலம்பியாவின் சிபா 1946. உலகெங்கும் தூதரகமும் தளமும் திறந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்துப் பள்ளிகள் இவை. இன்றும் இவற்றின் வேலைவாய்ப்பு அறிக்கைகளில் வெளியுறவுத் துறை, பாதுகாப்புத் துறை, உளவு அமைப்புகள், அவற்றுக்கு ஒப்பந்த வேலை செய்து தரும் கம்பெனிகள் நல்ல இடத்தைப் பிடித்திருக்கும். அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரருக்கு அவை கிடையாது.

ஆகவே அந்த அறிக்கையை அச்செடுத்து, பேனாவால் இந்த வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மீதி எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று எண்ணுங்கள். பிறகு பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல்: கடந்த மூன்று ஆண்டில் தெற்காசியாவிலிருந்து வந்து படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்குள் சம்பளத்தோடு வேலை கிடைத்தது, அவர்கள் எந்த விசாவில் இருக்கிறார்கள். நல்ல அலுவலகம் எண்களோடு பதில் எழுதும். எண் சொல்லாமல் நாலு சாதனைக் கதைகளை மட்டும் அனுப்பினால், அந்தப் பள்ளியைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

விசா கணக்கையும் அப்போதே போட வேண்டும். அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்த்த படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. சர்வதேச உறவுகள் படிப்பு பெரும்பாலும் அந்தப் பிரிவில் வராது. பொருளாதாரம், புள்ளியியல் கனமாக உள்ள சில படிப்புகள் மட்டும் வரும். ஒரே பள்ளியில் இரண்டு வகையும் இருக்கலாம். படிப்பின் பெயரை நம்பாமல், சேர்க்கைக்குப் பின் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எந்தப் பாடக்குறியீடு வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் படித்து முடித்தபின் தங்கி வேலை தேட இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். 2025 செப்டம்பரில் அமெரிக்கா, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் எச்-1பி விசாவின் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்ததிலிருந்து, ஒரு சின்ன ஆய்வு நிறுவனம் வெளிநாட்டுப் பட்டதாரியை வேலைக்கு எடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

சந்தையும் இப்போது நெருக்கடியில் இருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1இல் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. அதே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை 1,300க்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. ஐ.நா. செயலகத்தின் 2026 வரவுசெலவில் 15 விழுக்காடு அளவுக்கு வெட்டு முன்மொழியப்பட்டது. பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இளநிலைப் பதவிகளுக்கும் விண்ணப்பிக்கிறார்கள் என்றால், நேற்று பட்டம் வாங்கியவருக்கு இடம் எங்கே இருக்கும்? இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 2026, 2027இல் சேர நினைப்பவர் இந்த நிலவரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பாஸ்போர்ட் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம், நம்மவர்கள் பல நாடுகளில் இருப்பது. ஐ.நா. அமைப்புகளில் இளநிலைத் தொழில்முறை அலுவலர் என்று ஒரு வழி உண்டு, சுருக்கமாக ஜே.பி.ஓ. ஜெர்மனி, நார்வே, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள் தங்கள் குடிமக்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்து, சில ஆண்டுகள் ஐ.நா.வுக்குள் உட்கார வைக்கும் ஏற்பாடு அது. ஆஸ்லோவில் பிறந்து நார்வே பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழ்ப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. அதே மதிப்பெண்ணோடு யாழ்ப்பாணத்தில் படித்த அவருடைய மச்சாளுக்கு அநேகமாக இல்லை. ஒரு சில நாடுகள் வளரும் நாட்டினருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குகின்றன, ஆனால் அவை மிகக் குறைவு. ஐரோப்பாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் இந்த ஏற்பாட்டைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகலையும் இரண்டு ஆண்டு அனுபவமும் சேர்ந்தால் முப்பது வயதுக்குள் உள்ளே போய்விடலாம்.

மற்றவர்களுக்கு இருப்பது ஐ.நா. செயலகம் நடத்தும் ஒய்.பி.பி. என்ற இளந்தொழில்முறையாளர் தேர்வு. 32 வயதுக்குள் இருக்க வேண்டும், உங்கள் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்க வேண்டும், ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வர வேண்டும். இதற்கு இளங்கலையே போதும், முதுகலை கட்டாயமில்லை. ஆண்டுதோறும் பட்டியலும் பாடப்பிரிவும் மாறும் என்பதால், 25 வயதிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வெளியுறவுப் பணிக்கும் முதுகலை தேவையில்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் ஏதாவது ஒரு பட்டம் போதும். பொதுப்பிரிவுக்கு 32 வயது வரை, ஆறு முயற்சி. அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். தேர்வின் மொத்த மதிப்பெண் 2,025, அதில் இது 500. முதுகலைப் படிப்பு இந்த 500க்கு உதவும், மீதி 1525க்கு அவ்வளவாக உதவாது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அவரும் 1977இல் இதே போட்டித் தேர்வின் வழியாகத்தான் பணிக்கு வந்தார். ஐ.எஃப்.எஸ். மட்டுமே குறி என்றால் கடன் வாங்கி லண்டன் போவதில் பொருளில்லை. டெல்லியிலோ புதுச்சேரியிலோ குறைந்த செலவில் முதுகலை படித்துக்கொண்டே தேர்வுக்கு உழைக்கலாம்.

ஜே.என்.யு.வின் சர்வதேசக் கல்விப் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்விக் கட்டணம் இன்றும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் அளவில்தான். ஹாஸ்டல், மெஸ் செலவு தனி. சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.யின் முதுகலைத் தேர்வு வழியாக: 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வுதான். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், தமிழில் இருக்காது. தமிழ் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியலோ வரலாறோ படித்த பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பாடம் தெரியாமல் இல்லை. இறையாண்மை, அதிகாரச் சமநிலை, கூட்டுப் பாதுகாப்பு எல்லாம் தமிழில் தெளிவாகத் தெரியும், அதே கருத்து ஆங்கிலக் கேள்வியில் வரும்போது அடையாளம் தெரியாமல் போகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்தே ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிவந்தால் முந்நூறு சொற்களில் இந்தச் சுவர் இடிந்துவிடும். மூன்று மாத வேலை, அதிகம் போனால்.

கடனுக்கு வருவோம். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலர் அளவில் இருக்கும். வீட்டு வாடகை, சாப்பாடு, காப்பீடு சேர்த்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். பாதிக் கட்டணத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்து, வீட்டிலும் கொஞ்சம் போட்டு, மீதி 40 லட்சம் பேங்க் லோன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 விழுக்காடு. முதல் ஆண்டு 20 லட்சம், இரண்டாம் ஆண்டு 20 லட்சம் என்று பணம் இறங்கும். முதல் ஆண்டு வட்டி 2.1 லட்சம், இரண்டாம் ஆண்டு 4.2, படிப்புக்குப் பின் தரும் ஓராண்டு சலுகைக் காலத்தில் மேலும் 4.2. ஆக 10.5 லட்சம். இதைக் கட்டாமல் விட்டால், தவணை தொடங்கும் நாளில் கடன் 50.5 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 68,000 ரூபாய். படிக்கும்போதே வட்டியை வீட்டில் கட்டிவந்தால் அது 54,000. ஊரில் அப்பா அம்மா மாதாமாதம் வட்டி கட்ட முடியுமா என்ற கேள்வியிலேயே மாதம் 14,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது, அதுவும் பத்து ஆண்டுக்கு.

இந்த 68,000த்தை இன்னொரு எண்ணோடு ஒப்பிடுங்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்ற மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டு கிடைப்பது மாதம் 37,000. டெல்லி ஆய்வு நிறுவனங்களில் தொடக்கநிலைச் சம்பளமும் பெரும்பாலும் அந்தத் தவணையை எட்டாது. வெளிநாட்டில் வேலை கிடைத்தே தீர வேண்டும் என்ற நிலையில்தான் இந்தக் கடன் நிற்கிறது. அது நடக்காதபோது, படித்த படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் சேர்ந்து கடனை அடைக்க வேண்டிவருகிறது. பாடத்தில் உண்மையான பிடிப்பு உள்ளவர்களுக்கு இது நேரும்போதுதான் மனம் கனக்கிறது. என் கணிப்பில், இந்தத் துறைக்கு 15 லட்சத்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது. செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிச்சலுகை உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

கடனில்லாத வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை அனுபவம் கேட்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு முதுகலைத் திட்டம் மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புகளில் தேர்வானால் மாதம் 1,400 யூரோ, இரண்டு அல்லது மூன்று நாடுகளில் படிப்பு. இதற்கு அனுபவம் கட்டாயமில்லை என்பதால் போட்டி கடுமை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும் முதலில் பார்க்க வேண்டும். எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்ற நிபந்தனை ஆண்டுதோறும் மாறுகிறது.

இளங்கலை முடித்த கையோடு கிளம்பாமல் இரண்டு, மூன்று ஆண்டு வேலை பாருங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம், மீனவர் அமைப்பு, அகதிகள் முகாமில் பணியாற்றும் தொண்டு நிறுவனம், நாளிதழின் செய்திப்பிரிவு என்று எதுவானாலும் சரி. வகுப்பில் கோட்பாடு பேசும்போது, ஒரு கன்டெய்னர் ஏன் பதினைந்து நாள் நிற்கும் என்று நேரில் பார்த்தவருக்குக் கேட்கக் கேள்வி இருக்கும்.

இனி, அந்த இரண்டு ஆண்டில் எதைக் கற்க வேண்டும் என்பது. இங்கேதான் படிப்பின் உண்மையான மதிப்பு இருக்கிறது.

நம் மாணவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டுத் தாள்களையும் பிராந்திய அரசியல் தாள்களையும் விரும்பி எடுக்கிறார்கள், பொருளாதாரத்தைத் தவிர்க்கிறார்கள். பல அமெரிக்கப் பள்ளிகளில் நுண்ணியல், பேரியல் பொருளாதாரம் முன்நிபந்தனையாகவே இருக்கும். அதற்கு மேல் பன்னாட்டு வணிகம், செலாவணி, புள்ளியியல். இலக்கியமோ வரலாறோ படித்துவிட்டுப் போகிறவர் முதல் பருவத்தை இதில் மூச்சுத் திணறியே கழிக்கிறார். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில் நுண்ணியலும் பன்னிரண்டாம் வகுப்பில் பேரியலும் தமிழிலேயே இருக்கின்றன. இரண்டையும் கணக்குகளோடு ஆறு வாரத்தில் முடித்துவிட்டுப் போனால் முதல் பருவம் தப்பும். படம் வரையாமல் படிக்க வேண்டாம். தேவை-அளிப்பு வளைகோட்டைக் கையால் வரைந்து, சுங்கவரி போட்டால் எது நகரும் என்று காட்டத் தெரிந்தாலே வணிகப் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டியதுபோல.

மொழிக்கு நேரம் அதிகம் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கணக்கில், ஆங்கிலம் பேசும் ஒருவர் சீனமோ அரபியோ வேலைக்கு ஆகும் அளவில் கற்க 88 வாரம், 2,200 வகுப்பு மணி. பிரெஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஐ.நா. செயலகத்தின் இரண்டு வேலைமொழிகளில் ஒன்று பிரெஞ்சு. சென்னையின் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் வார இறுதி வகுப்பில் தொடங்கி, கிளம்புவதற்கு முன் ஐரோப்பிய மொழித்திறன் அளவில் பி-1 (B1) என்ற இடைநிலையைத் தொட்டுவிட்டால் வெளிநாட்டில் அடுத்த படியான பி-2 (B2) எளிது. அங்கே போய் முதல் எழுத்திலிருந்து தொடங்கினால் இரண்டு ஆண்டில் ஒன்றும் தேறாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குக் கொழும்பில் இருக்கும் ஐ.நா. அமைப்புகளின் உள்நாட்டு அலுவலர் பதவிகளில் மதிப்பு உண்டு. அந்தப் பதவிகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியவை, சம்பளமும் உள்ளூர் அளவில் நன்றாக இருக்கும். நியூயார்க், ஜெனீவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, எழுத்து. கட்டுரை எழுதும் பழக்கத்தை விட்டு, கொள்கைக் குறிப்பு எழுதப் பழகுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே காட்ட வேண்டும், ஏனென்றால் வேலைக்கான எழுத்துத் தேர்வில் கேட்பது இதைத்தான்.

பாக் நீரிணை மீனவர் பிரச்சினை பற்றி மீன்வளத் துறைச் செயலருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொன்னால், மாணவர் எழுதும் முதல் வரைவு கச்சத்தீவில் தொடங்கும். 1974 ஒப்பந்தம், யார் கொடுத்தது, யார் தடுத்திருக்கலாம் என்று மூன்று பத்தி ஓடும். கடைசியில் 'இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும்' என்று முடியும். இதை வாங்கிப் படிக்கும் செயலருக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்படாது. வரலாறு அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

ஆகவே முதல் வரியே பரிந்துரையாக இருக்க வேண்டும். பிறகு அந்தப் பரிந்துரையைத் தாங்கும் உண்மைகள் மட்டும். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு மீனவர்களும் யாத்ரிகர்களும் கச்சத்தீவுக்குப் போய்வர இடம் தருகிறது. 1976இல் பரிமாறிய கடிதங்கள் இலங்கைக் கடலில் இந்தியப் படகுகள் மீன்பிடிக்காது என்கின்றன. இந்த இரண்டும் வேறு வேறு விஷயம், குழப்பக் கூடாது. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா இழுவைப்படகுகளை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரைமீன் படகுக்கு மாறுவோருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது: படகு விலை 80 லட்சம், மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10.

இங்கேதான் பேனாவை ஊன்ற வேண்டும். மீனவர் பங்கு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு ஏன் ஓடவில்லை? ராமேஸ்வரத்து விசைப்படகு இன்று போனால் நாளை கரை சேரும்; சூரைப்படகு வாரக்கணக்கில் கடலில் இருக்கும். தூண்டில் கயிறு போடும் தொழில் வேறு, வலை இழுக்கும் தொழில் வேறு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, பெரிய படகைக் கட்ட வேறு துறைமுகம் தேடிப்போக வேண்டும். எதிர்க்கரையில் வலை அறுந்து நிற்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும். பணம், கடலில் இருக்கும் நாள், தொழில்முறை, துறைமுகம் என்ற இந்த நாலு தடையில் எதை அரசு பணத்தால் நீக்க முடியும், எதற்குக் காலம் தேவை என்று பிரித்தால் மூன்று மாற்றுவழி தானாக வரும். ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, எத்தனை மாதம், யார் எதிர்ப்பார்கள் என்று ஒரு வரி. பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று இரண்டு வரி. மொத்தம் 500 சொல். எழுதிய பிறகு, அமைச்சரின் உதவியாளர் காரில் போகும்போது செல்போனில் படித்தால் புரியுமா என்று பாருங்கள்.

இப்படி இருபது குறிப்பு எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் கிழித்துக் கொடுத்து, திரும்ப எழுதியவருக்கு அந்தப் படிப்பு வேலை செய்துவிட்டது என்று சொல்லலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தில் எத்தனை தாளில் இப்படி எழுதித் திருத்தம் பெறலாம் என்று பாருங்கள். முழுக்க ஆய்வுக்கட்டுரைதான் என்றால், முனைவர் பட்டம் நோக்கி நடப்பவருக்கு அது நல்ல இடம். வேலை தேடுபவருக்குப் பாதிதான்.

இந்தத் திறமைக்கு இப்போது தேவை அதிகமாகிவருவது தனியார் துறையில். இலங்கைக்கு 2017இல் மீண்டும் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய இறக்குமதி வரிச்சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடை இலங்கையில் தைத்ததாக இருந்தால் மட்டும் போதாது, துணியைப் பொறுத்தும் நிபந்தனை உண்டு. சீனத் துணியை இறக்கித் தைத்தால் சலுகை கிடைப்பதில்லை. இந்த விதியைப் படித்து, எந்த ஆர்டருக்கு எந்தத் துணி என்று வாங்கும் பிரிவுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். 2025 ஜூலையில் இந்தியா பிரிட்டனோடு கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்திலும் திருப்பூர்க்காரர் படிக்க வேண்டியது முதலில், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று முடிவுசெய்யும் இந்த உற்பத்திமூல விதிகளைத்தான். எஃகும் அலுமினியமும் ஐரோப்பாவுக்கு அனுப்புவோருக்கு கார்பன் எல்லை வரி, அதாவது உற்பத்தியில் வெளியாகும் கார்பனுக்கான இறக்குமதிக் கட்டணம், 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; அது படிப்படியாகக் கூடும். சென்னையில் பன்னாட்டு வங்கிகளின் மையங்களில் பொருளாதாரத் தடைப் பட்டியலைச் சரிபார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. தடைக்கு உள்ளானவர்கள் ஒரு கம்பெனியில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால், அந்தக் கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அமெரிக்க விதிப்படி தடை பொருந்தும். பங்குடைமையை மூன்று அடுக்கு தோண்டிக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சி வேலை. சர்வதேச உறவுகள் படித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விண்ணப்பத்தில் தவறும் இடங்கள் சில உண்டு. 'சிறு வயதிலிருந்தே ஐ.நா.வில் பணியாற்றுவது என் கனவு' என்று தொடங்கும் நோக்க உரை எல்லாருடையது போலவும் இருக்கும். ஒரு பிரச்சினை, அதில் நீங்கள் செய்த ஒரு வேலை, அந்தப் பள்ளியில் அதற்கு உதவும் இரண்டு பாடங்களின் பெயர், முடித்தபின் எந்த நாட்டில் எந்த மாதிரிப் பதவி என்ற நாலும் 800 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். ரெஃபரன்ஸ் கடிதம் இன்னொன்று. வெளிநாட்டுப் பள்ளிகள் ஆசிரியருக்கு நேரடியாக இணைப்பு அனுப்புகின்றன, கல்லூரியின் அலுவல்முறை மின்னஞ்சல் முகவரியைக் கேட்கின்றன. நம் கல்லூரிகளில் பல ஆசிரியர்களுக்கு ஜிமெயில்தான் இருக்கிறது. ஆகஸ்டிலேயே துறைத்தலைவரிடம் சொல்லிக் கல்லூரி முகவரி ஒன்றை உருவாக்கித் தரச்சொல்லுங்கள். கடிதத்தில் 'ஒழுக்கமானவர், நன்கு படிப்பவர்' என்பதைவிட, எந்தத் தாளில், எந்தக் கட்டுரையில் என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். அதற்கு உங்கள் பழைய கட்டுரையை ஆசிரியர் கையில் நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடும். அமெரிக்கப் பள்ளிகளுக்கு டிசம்பரும் ஜனவரியும். சி.யு.இ.டி. தேர்வு வழக்கமாக மார்ச்சில். சேர்க்கைக் கடிதங்கள் மார்ச்சில் வரத்தொடங்கும். அப்போது பலர் செய்யாமல் விடுவது, உதவித்தொகையைக் கூட்டிக் கேட்பது. வேறொரு பள்ளி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, எவ்வளவு குறைகிறது என்று டாலரில் எழுதி, மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிப்பதில்லை. பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம், அது பெரும்பாலும் திரும்பாது. கெடு நெருங்கினால் இரண்டு வாரம் நீட்டிக்கக் கேளுங்கள். ஓராண்டு தள்ளிவைத்துச் சேர நினைத்தால், இடத்தோடு உதவித்தொகையும் அடுத்த ஆண்டுக்கு வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில பள்ளிகள் இடத்தை மட்டும் வைத்திருந்து, உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லும்.